எம்.பி.ஏ.வா, எம்.எஸ்ஸியா? மார்க்கெட்டிங் படிக்க வெளிநாடு செல்வோர் கவனத்திற்கு

பட்டப் படிப்பின் முடிவுகள் வந்துவிட்டால் மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி பகுதிகளிலுள்ள தமிழர் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். பி.காம். அல்லது பி.எம்.எஸ். முடித்த பிள்ளையை அடுத்து என்ன செய்வது? ஒரு காலத்தில் இதற்குப் பதில் சுலபம். டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹாண்டும் பாஸ் செய்திருந்தால் கோட்டைப் பகுதியில் ஏதாவது ஒரு கம்பெனியில் இடம் கிடைத்துவிடும். மாமாவோ சித்தப்பாவோ மானேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருப்பார். இன்றைய பிள்ளைகள் அப்படி ஒரு நாற்காலியில் உட்காரத் தயாராக இல்லை. "மார்க்கெட்டிங்கில் போகிறேன். அதற்கு வெளிநாட்டில் படிக்கிறேன்" என்கிறார்கள்.

ஆசை தவறல்ல. சோப்பு, பற்பசை, பெயிண்ட், பிஸ்கட் என்று நாட்டின் கடைகளில் விற்கும் சரக்குகளில் பலவற்றுக்குத் தலைமை அலுவலகம் இருப்பது மும்பையில்தான். விளம்பரத் தொழிலின் தலைநகரும் இதுவே. அந்தக் கட்டிடங்களில் கணக்கெழுதியும் பைல் தூக்கியும் காலம் கழித்த தகப்பனாருக்கு, தம் பிள்ளை அதே கட்டிடத்தில் மேல்மாடியில் அமர்ந்து திட்டம் போடுவான் என்று எண்ணும்போது மனம் குளிரத்தான் செய்யும். அடுத்த கேள்வியில்தான் சிக்கல். வெளிநாட்டில் எதைப் படிப்பது? மார்க்கெட்டிங்கில் மட்டும் முதுகலைப் பட்டமா, அல்லது எம்.பி.ஏ.வா?

"எம்.பி.ஏ. என்றால் நாலு பேருக்குப் புரியும். எம்.எஸ்ஸி. என்றால் கெமிஸ்டிரியா என்று கேட்பார்கள்" என்று சொல்லி எம்.பி.ஏ. பக்கம் சாய்ந்துவிடுகிற பெற்றோர் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் அச்சடிக்க அந்தக் காரணம் போதும். டோம்பிவிலி வீட்டின் பத்திரத்தை வங்கியில் வைப்பதற்குப் போதாது.

இரண்டும் ஒன்றல்ல

எம்.பி.ஏ. என்ற படிப்பு 1908-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஒரு கம்பெனியை நடத்த என்னவெல்லாம் தெரிய வேண்டுமோ அத்தனையும் அதில் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. கணக்கு, நிதி, உற்பத்தி, ஆள் நிர்வாகம், இவற்றோடு மார்க்கெட்டிங். அமெரிக்காவில் இது பெரும்பாலும் இரண்டு வருஷம். ஐரோப்பாவில் சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஒரு வருஷம். பிரான்சில் பான்டென்புளோ நகரிலும் சிங்கப்பூரிலும் நடக்கும் இன்சியாட் பள்ளியில் பத்தே மாதம்.

இதில் கவனிக்க வேண்டியது வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. பெயர்பெற்ற எம்.பி.ஏ. பள்ளிகளில் மாணவர்களின் சராசரி உத்தியோக அனுபவம் ஐந்து வருஷத்தை ஒட்டியிருக்கிறது. கல்லூரியிலிருந்து நேராக வந்தவர்கள் அபூர்வம். பாடம் நடத்தும் முறையும் அப்படி. ஒரு கம்பெனிக்கு நேர்ந்த சங்கடத்தை அச்சடித்துக் கையில் கொடுத்து, "நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று பேராசிரியர் கேட்பார். பாங்கில் ஐந்து வருஷம் இருந்தவர் ஒன்று சொல்வார். மருந்து விற்றவர் வேறொன்று சொல்வார். ஒரு ஸ்டாக்கிஸ்டிடம்கூடப் பேசியிராத இருபத்தொரு வயதுப் பிள்ளை அங்கே என்ன சொல்லும்?

எம்.எஸ்ஸி. மார்க்கெட்டிங் வேறு ஜாதி. வாங்குபவரின் மனப்போக்கு, பிராண்டை வளர்ப்பது, விலை வைப்பது, சந்தை ஆராய்ச்சி, இணைய விளம்பரம் என்று ஒரே துறையை ஆழமாகத் தோண்டுவது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். கடைசியில் ஒரு ஆய்வேடு எழுத வேண்டியிருக்கும். இது அனுபவம் இல்லாதவர்களுக்கும், ஓரிரு வருஷம் மட்டும் வேலை பார்த்தவர்களுக்கும் ஏற்பட்ட படிப்பு. அனுபவம் இரண்டு வருஷத்தைத் தாண்டிவிட்டால் விண்ணப்பத்தை ஏற்காத முதுகலை வகுப்புகளும் சில உண்டு. ஆகவே ஐந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு எம்.எஸ்ஸிக்குப் போவதும், வேலையே பார்க்காமல் எம்.பி.ஏ.வுக்குப் போவதும் கதவு மாறித் தட்டுகிற வேலைதான்.

பட்டத்தின் பெயரைப் பார்த்து ஆரம்பித்தால் இந்த விஷயம் விளங்காது. பிள்ளை எத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கிறான் என்பதிலிருந்து ஆரம்பித்தால் பாதிக் குழப்பம் தானே தீர்ந்துவிடும்.

யேலுக்குப் போன சென்னைப் பெண்

பெப்சிகோ கம்பெனியின் தலைமை நிர்வாகியாக 2006 முதல் 2018 வரை இருந்த இந்திரா நூயியின் பெயரைச் சொல்லாத தமிழ் வீடு இல்லை. "அந்தம்மா அமெரிக்காவில் எம்.பி.ஏ. படித்தவர்" என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல.

சென்னையில் பிறந்த அவர் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் 1974-ல் பட்டம் பெற்றார். கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் 1976-ல் படித்து முடித்தார். பிறகு உடனே விமானம் ஏறிவிடவில்லை. மேட்டூர் பியர்ட்ஸெல் என்ற ஜவுளிக் கம்பெனியில் வேலை பார்த்தார். அதற்குப் பின் ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியில், ஸ்டேஃப்ரீ என்னும் பெண்களுக்கான நாப்கினை இந்தியாவில் அறிமுகப்படுத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அந்தக் காலத்தில் இந்தச் சரக்கைப் பகிரங்கமாக விளம்பரம் செய்ய முடியாது. பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் நேரில் போய்ப் பெண்களிடம் எடுத்துச் சொல்லி விற்க வேண்டியிருந்தது. விற்பனை என்றால் என்ன என்பதை அதைவிடக் கடுமையாக எந்த வகுப்பறையும் சொல்லிக்கொடுத்துவிடாது.

அதற்குப் பிறகே 1978-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவர் 1980-ல் பெற்ற பட்டத்தின் பெயர் 'பொது, தனியார் நிர்வாகத்தில் முதுகலை'. அப்போது யேலில் எம்.பி.ஏ. என்ற பட்டமே கிடையாது. 1999-ல்தான் அந்தப் பெயருக்கு மாறினார்கள். உதவித்தொகை முழுச் செலவுக்கும் போதாமல், இரவு முழுதும் விடுதியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து வேலை செய்து சம்பாதித்தார்.

பட்டத்தில் 'எம்.பி.ஏ.' என்ற மூன்றெழுத்து இல்லாததால் அவருக்கு எதுவும் நின்றுவிடவில்லை. பள்ளியின் தரமும், கையில் கொண்டுபோன அனுபவமும் பேசின. எல்லோரும் இந்திரா நூயி ஆகிவிட முடியாது என்பது வேறு விஷயம். ஆனால் அவரை உதாரணம் காட்டிப் பிள்ளையை அனுப்புகிறவர்கள், கல்லூரியை விட்டதற்கும் அமெரிக்கா போனதற்கும் நடுவில் அவர் மேலும் என்ன படித்தார், எங்கே விற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏஜெண்டு சொல்லாத சங்கதி

"அங்கிள், எம்.பி.ஏ.வே போட்டுடலாம். எக்ஸ்பீரியன்ஸ் கேக்க மாட்டாங்க, ஜிமேட் பரீட்சையும் வேண்டாம். செப்டம்பர்ல பையன் லண்டன்ல இருப்பான்." தானே, அந்தேரி ஆபீஸ்களில் இந்தப் பேச்சைக் கேட்டு மயங்கியவர்கள் கொஞ்சமல்ல.

அனுபவமும் வேண்டாம், நுழைவுத் தேர்வும் வேண்டாம், பணம் மட்டும் போதும் என்கிற எம்.பி.ஏ. வகுப்புகள் இருக்கத்தான் செய்கின்றன. வகுப்பு முழுதும் பிள்ளையைப் போலவே அனுபவமற்ற வெளிநாட்டு மாணவர்கள் நிறைந்திருப்பார்கள். பெரிய கம்பெனிகள் எம்.பி.ஏ. பட்டதாரியை எடுக்கும்போது எதிர்பார்ப்பது மூன்று, நான்கு வருஷம் வேலை பார்த்த ஆளை. புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கான பயிற்சி இடங்களுக்கோ எம்.பி.ஏ. தேவையே இல்லை. இவன் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிடுவான். பெயரில் பெரிய பட்டம், அனுபவத்தில் பூஜ்யம்.

ஏஜெண்டுகள் பலருக்கு மாணவரைச் சேர்த்துவிடும் பல்கலைக்கழகமே கமிஷன் கொடுக்கிறது. அதில் ரகசியம் எதுவும் இல்லை, தொழில் நடக்கும் முறையே அதுதான். கமிஷன் கொடுக்காத பல்கலைக்கழகத்தின் பெயர் அந்த ஆபீஸ் பட்டியலில் ஏன் வருவதில்லை என்பதைத் தகப்பனார் யூகித்துக்கொள்ளலாம். அவரிடம் போகக் கூடாது என்பதில்லை. பாரங்களை நிரப்பித் தரட்டும், எங்கே சேர்வது என்பதை அவர் தீர்மானிக்க வேண்டாம்.

கேட்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு. போன வருஷம் படித்து முடித்தவர்களில் எத்தனை பேருக்கு எத்தனை மாதத்தில் வேலை கிடைத்தது, எந்தத் துறையில், எந்த நாட்டில் என்று நல்ல பள்ளிகள் வருஷந்தோறும் அறிக்கை வெளியிடுகின்றன. அதில் மார்க்கெட்டிங் வேலைக்குப் போனவர்கள் எத்தனை சதவிகிதம் என்று பார்க்க வேண்டும். எம்.பி.ஏ. பள்ளிகளில் நிதித் துறையும் ஆலோசனைத் துறையுமே பெரும்பங்கை எடுத்துக்கொள்வது சகஜம். அறிக்கையே இல்லாத பள்ளி என்றால் அதுவே ஒரு பதில்.

கம்ப்யூட்டர் வேலை போலல்ல

பக்கத்து வீட்டுப் பையன் எம்.எஸ். படித்து அமெரிக்காவில் நிலைத்துவிட்டான், நம் பெண்ணும் அப்படியே என்று எண்ணுவது இயற்கை. ஆனால் அவன் படித்தது கம்ப்யூட்டர். அவன் எழுதும் புரோகிராம் சிகாகோவிலும் செம்பூரிலும் ஒன்றுதான். மார்க்கெட்டிங் அப்படியல்ல. எந்த ஊரில் விற்கிறோமோ அந்த ஊர் ஜனங்களின் பேச்சு, கேலி, பண்டிகை, சாப்பாடு, சிக்கனம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் பொதுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் கிடையாது என்பது உண்மை. ஆனால் ஜெர்மன் மொழியில் சரளமாகப் பேசத் தெரியாதவரை ஜெர்மன் வீட்டுப் பெண்களுக்குச் சோப்பு விற்கும் திட்டம் தீட்ட யார் அமர்த்துவார்கள்? தவிர, இந்தியாவின் மூன்று வருஷ பி.காம். பட்டத்தை அங்கே எல்லா இடத்திலும் ஒப்புக்கொள்வதில்லை.

இதில் ஒரு கிளைக்கு மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு. வாடிக்கையாளர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசி, எந்த விளம்பரத்தால் எவ்வளவு விற்றது என்று கணக்கிடும் வேலை. அதற்குப் புள்ளிவிவரமும் கணக்கும் பேசும், உள்ளூர் மொழியின் நெளிவு சுளிவு அவ்வளவாகத் தேவைப்படாது. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் மார்க்கெட்டிங் பகுப்பாய்வு என்ற பெயரில் உள்ள முதுகலை வகுப்புகளைப் பார்க்கலாம். அமெரிக்காவில் இதனால் விசாவிலும் லாபம் உண்டு. அது பின்னால் வருகிறது.

மார்க்கெட்டிங்கை வெளிநாட்டில்தான் கற்க வேண்டும் என்பதும் இல்லை. ஷாம்பூவைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்து ஏழைக்கும் எட்டும்படி செய்த யோசனை கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பவர் வீட்டில் 1970-களில் பிறந்தது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பூவை ஆரம்பித்தார். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார். கொஞ்ச காலம் கழித்து, சிக் காலிப் பாக்கெட்டுகள் மட்டுமே செல்லும் என்று மாற்றினார். அதற்குள் கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் சிக் பழகிவிட்டது! பெரிய கம்பெனிகள் பிறகு இதே பொட்டல வழியைப் பிடித்துக்கொண்டன. அடித்தட்டு ஜனங்களும் ஒரு பெரிய சந்தைதான் என்று 2004-ல் புத்தகம் எழுதி உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் சி.கே. பிரஹலாத் கோயம்புத்தூர்க்காரர். அவரும் சென்னையில் லயோலா கல்லூரியில் படித்த பின் யூனியன் கார்பைடு ஆலையில் நாலு வருஷம் வேலை பார்த்து, ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மில் முதல் அணியில் படித்து, அதற்குப் பிறகுதான் ஹார்வர்டுக்குப் போனார்.

விசா காட்டும் கெடு

படித்த நாட்டிலேயே இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடலாம் என்பதுதான் எல்லாக் குடும்பங்களின் கணக்கும். அந்தக் கணக்கு விசாவின் மீது நிற்கிறது. விசாவோ அந்த நாட்டு அரசியலின் மீது நிற்கிறது.

பிரிட்டனின் கதையைப் பாருங்கள். படிப்பு முடிந்து தங்கி வேலை தேடும் விசாவை 2012-ல் மூடினார்கள். 2021 ஜூலையில் இரண்டு வருஷத்துக்கு மறுபடி திறந்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலைப் பட்டதாரிகளுக்கு அதைப் பதினெட்டு மாதமாகக் குறைத்து அறிவித்துவிட்டார்கள். அந்தக் காலத்துக்குள் விசாவுக்குப் பொறுப்பேற்கும் கம்பெனி கிடைக்க வேண்டும். அப்படி எடுக்கும் வேலைக்குப் பொதுவான சம்பள வரம்பு 2025 ஜூலையில் வருஷத்துக்கு 41,700 பவுனாக உயர்ந்தது. புதிதாகப் படித்து வருவோருக்குச் சலுகை வரம்பு 33,400 பவுன். விளம்பரக் கம்பெனியில் ஆரம்பச் சம்பளம் அந்த வரம்பைத் தொடாமல் போவது உண்டு. எம்.எஸ்ஸி. என்றாலும் எம்.பி.ஏ. என்றாலும் இந்தக் கெடு ஒன்றே. கல்யாணமானவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாடம் நடத்தி முடிக்கும் முதுகலை வகுப்புக்குப் போகிறவர் கணவனையோ மனைவியையோ கூட அழைத்துப் போக 2024 ஜனவரி முதல் அனுமதி இல்லை.

அமெரிக்காவில் படிப்பு முடிந்ததும் பன்னிரண்டு மாதம் வேலை பார்க்கலாம். அரசாங்கம் விஞ்ஞானம், கணக்கு சார்ந்த படிப்பு என்று பட்டியலிட்டிருந்தால் மேலும் இருபத்து நாலு மாதம். சாதாரண மார்க்கெட்டிங் பட்டம் இந்தப் பட்டியலில் வராது. பகுப்பாய்வு சார்ந்த மார்க்கெட்டிங் வகுப்புகள் பலவும், எம்.பி.ஏ.க்கள் சிலவும் வரும். பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்டுவிட வேண்டும், ஏனென்றால் ஒரு வருஷத்துக்கும் மூன்று வருஷத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. பிறகு எச்-1பி விசாவுக்குக் குலுக்கல். வருஷத்துக்கு மொத்தம் 85,000 இடம், அதில் 20,000 அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கு. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று திடீர் அறிவிப்பு வந்து ஊரே கலங்கியது. அங்கேயே மாணவர் விசாவில் இருந்து மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதமே விளக்கம் கொடுத்தார்கள். ஆனாலும் ஒரு கையெழுத்தில் எவ்வளவு புரளும் என்பது தெரிந்துவிட்டது.

அயர்லாந்தில் முதுகலைப் பட்டதாரிக்கு இரண்டு வருஷம் கிடைக்கிறது. மூன்று வருஷ பி.காம். பட்டத்தை ஏற்பதில் அங்கும் பிரிட்டனிலும் தொல்லை குறைவு. டப்ளினில் வாடகைதான் மும்பை வாடகையைப் புண்ணியம் என்று சொல்ல வைக்கும்.

கடன் கணக்கு

இனி காகிதமும் பென்சிலும். பிரிட்டனில் ஒரு நல்ல பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. மார்க்கெட்டிங்குக்குக் கட்டணம் 28,000 பவுன், சாப்பாடு வாடகைக்கு 12,000 பவுன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன் 115 ரூபாய் என்று போட்டால் 46 லட்சம் ரூபாய். விமானம், விசா, வருஷத்துக்கு 776 பவுன் மருத்துவக் கட்டணம் எல்லாம் தனி. தகப்பனார் பி.எப்.பிலும் சேமிப்பிலும் ஆறு லட்சம் புரட்டுகிறார், மீதி 40 லட்சம் கடன். பத்து சதவிகித வட்டி. படிக்கும் ஒரு வருஷமும் அடுத்த ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி தூங்குவதில்லை. இரண்டு வருஷத்தில் எட்டு லட்சம் ஏறி, கடன் 48 லட்சமாக நிற்கும். அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதத் தவணை ரூ.63,000-க்கு மேல். பதினைந்து வருஷம் என்றால் ரூ.51,500 சுமார்.

பிள்ளைக்கு அங்கே 33,400 பவுன் சம்பளத்தில் வேலை கிடைத்துவிட்டால் வரி போக மாதம் சுமார் 2,300 பவுன் கைக்கு வரும். சிக்கனமாக இருந்தால் தவணைக்கு 550 பவுன் அனுப்புவது கஷ்டமில்லை. கிடைக்காமல் மும்பைக்குத் திரும்பி, மாதம் ஐம்பதாயிரம் ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தால்? முழுச் சம்பளத்தையும் வங்கியில் கொட்டினாலும் தவணைக்குப் போதாது. அப்போது ஓய்வுபெறப் போகும் தகப்பனார் பாக்கியைக் கட்டுவார், அல்லது வீட்டுப் பத்திரம் பேசும். கையெழுத்துப் போடும் முன் குடும்பம் முழுதும் உட்கார்ந்து பேச வேண்டியது இந்த இரண்டாவது கணக்கைத்தான். இதைத் தாங்க முடியும் என்றால் போகலாம். முதல் கணக்கு மட்டுமே தாங்கும் என்றால் அந்தப் பள்ளி வேண்டாம், வேறு மலிவான இடம் தேட வேண்டும்.

அமெரிக்க எம்.பி.ஏ. இதற்கெல்லாம் மேலே. ஹார்வர்டில் 2024-25-ல் ஒரு வருஷப் படிப்புக் கட்டணம் மட்டுமே 76,000 டாலருக்கு மேல். இரண்டு வருஷத்துக்குத் தங்கும் செலவெல்லாம் சேர்த்தால் இரண்டு கோடி ரூபாயைத் தாண்டும். பள்ளியே உபகாரச் சம்பளம் கொடுத்து, ஒரு கோடி மட்டும் கடன் வாங்கினாலும், வட்டி ஏறி ஒன்றேகால் கோடியாகி, பதினைந்து வருஷத்துக்கு மாதம் ரூ.1,34,000 கட்ட வேண்டும். பெயர்பெற்ற பள்ளியில் படித்து அமெரிக்கச் சம்பளமும் கிடைத்தவர்கள் இதைக் கட்டி முடித்திருக்கிறார்கள். பெயரில்லாத பள்ளிக்கு இந்தப் பணத்தைக் கொட்டுவது மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறாது.

வங்கி விஷயம்: கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்பார்கள். உலகில் முன்னணியிலுள்ள பள்ளிகள் என்று வங்கி வைத்திருக்கும் பட்டியலில் இடம் கிடைத்தவர்களுக்குத் தளர்த்துவது உண்டு. ஜாமீன் இல்லாமல் தரும் தனியார் நிதிக் கம்பெனிகளில் வட்டி கூடுதல். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு எட்டு வருஷம் வரை கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு உண்டு, புதிய முறையில் இல்லை. உதவி கேட்கக்கூடிய இடங்கள் மும்பையிலேயே இரண்டு. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892-ல் ஏற்படுத்திய ஜே.என். டாட்டா அறக்கட்டளை மேற்படிப்புக்கான கடன் உதவி தருகிறது. கே.சி. மகிந்திரா அறக்கட்டளை வட்டியில்லாக் கடன் தருகிறது. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை கிடைத்தால் ஒரு வருஷ முதுகலைப் படிப்புக்கு வட்டியும் இல்லை, கடனும் இல்லை. ஆனால் அதற்கு 2,800 மணி நேர, அதாவது சுமார் இரண்டு வருஷ வேலை அனுபவம் வேண்டும். படித்த பின் இரண்டு வருஷமாவது தாய்நாட்டில் இருக்க வேண்டும்.

முதலில் பீட்டுக்குப் போகட்டும்

செவனிங் கேட்பதும் அனுபவம், எம்.பி.ஏ. பள்ளி கேட்பதும் அனுபவம். அப்படியானால் பி.காம். முடித்த பிள்ளை முதல் இரண்டு வருஷம் எங்கே இருக்க வேண்டும் என்பது தெளிவு. ஏதாவது ஒரு கம்பெனியின் விற்பனைப் பிரிவில், சேல்ஸ்மேனோடு பீட்டுக்குப் போய், கிரானா கடை கடையாக ஆர்டர் எடுத்து, டிஸ்டிரிபியூட்டரின் வசவைக் கேட்க வேண்டும். "டிகிரி படித்துவிட்டு வெயிலில் அலைகிறாயா?" என்று அம்மாக்கள் வருந்துவார்கள். ஐ.ஐ.எம்.மிலிருந்து எடுக்கும் பிள்ளைகளையே இந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனி முதலில் கிராமத்துக்கும் விற்பனைக்கும் அனுப்பித்தான் பழக்குகிறது. மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஓர் அனுகூலமும் உண்டு. தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் நாலும் நாக்கில் இருக்கும். நாலு மொழியில் கடைக்காரரோடு பேரம் பேசுகிற ஆள் கம்பெனிக்குச் சுலபத்தில் கிடைப்பதில்லை.

இரண்டு வருஷத்தில் விஷயம் தெளிந்துவிடும். அலைச்சல் பிடிக்காமல் கணக்கும் அலசலும் பிடித்தால், அனுபவம் அதிகமாவதற்கு முன் பகுப்பாய்வு சார்ந்த ஒரு வருஷ முதுகலைக்குப் போகலாம். விற்பனையே பிடித்துப்போய் நாலைந்து வருஷம் வளர்ந்தால் நல்ல பள்ளியில் எம்.பி.ஏ.வுக்கு முயலலாம். அப்போது செலவைக் கம்பெனியே பகிர்ந்துகொள்வதும், பள்ளி உபகாரச் சம்பளம் கொடுப்பதும் நடக்கக்கூடியவை. மார்க்கெட்டிங் தனக்கு ஒத்துவராது என்று தெரிந்துவிட்டாலும் நஷ்டமில்லை. நாற்பது லட்சம் செலவழித்த பிறகு தெரிவதைவிட மேல் அல்லவா?

இந்தியாவில் வேலை பார்ப்பதுதான் எண்ணம் என்றால் சர்ச்கேட்டுக்கு ஒரு சீசன் டிக்கெட் போதும். மும்பை பல்கலைக்கழகத்தின் ஜம்னாலால் பஜாஜ் நிறுவனம் 1965-ல் தொடங்கியது. மகாராஷ்டிர அரசின் சி.இ.டி. தேர்வு எழுதிச் சேரலாம். இடங்களில் பெரும்பகுதி இந்த மாநிலத்தில் படித்தவர்களுக்கே. நம் பிள்ளைகள் இங்கே பட்டம் பெற்றதால் கிடைக்கும் உரிமை இது. மார்க்கெட்டிங்கில் இதற்குள்ள பெயர் கம்பெனிகளுக்குத் தெரியும், கட்டணமும் வெளிநாட்டுச் செலவில் ஒரு சிறு பங்குதான். விளம்பரத்துக்கென்றே 1991-ல் ஆமதாபாத்தில் ஏற்பட்ட மைக்கா இருக்கிறது. தரவரிசையில் முன்னிற்கும் உள்நாட்டுக் கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு, 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த வித்யாலட்சுமி திட்டத்தில் ஜாமீன் இல்லாமல் கடன் உண்டு. வெளிநாட்டுப் படிப்புக்கு அது கிடையாது.

போவதென்று முடிவானால்

அமெரிக்க எம்.பி.ஏ. பள்ளிகள் முதல் சுற்று விண்ணப்பத்தை செப்டம்பரிலும் இரண்டாம் சுற்றை ஜனவரியிலும் வாங்குகின்றன. உபகாரச் சம்பளம் தேவைப்படுகிறவர் இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துவிட வேண்டும். ஜிமேட் தேர்வின் மதிப்பெண் ஐந்து வருஷம் செல்லும். ஆகவே பாடம் மறக்காத வயதில், வேலையில் சேர்ந்த முதல் வருஷமே எழுதி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பிரிட்டன் முதுகலை வகுப்புகள் செப்டம்பரில் ஆரம்பம். முந்தைய அக்டோபரிலிருந்தே விண்ணப்பம் வாங்குவார்கள். சேர்க்கைக் கடிதம் வந்ததும் வங்கிக்கு ஓட வேண்டும், ஏனென்றால் சொத்தை மதிப்பிட்டு வக்கீல் பார்வை முடியவே வாரக் கணக்கில் ஆகும். சொசைட்டியிலிருந்து வாங்க வேண்டிய ஆட்சேபணையின்மைக் கடிதத்துக்கு முன்கூட்டியே எழுதிப் போடுவது நல்லது.

பிரிட்டன் விசாவுக்கு லண்டனுக்கு வெளியே படிப்பவர் மாதம் 1,171 பவுன் வீதமும், லண்டனில் படிப்பவர் 1,529 பவுன் வீதமும் ஒன்பது மாதத்துக்கான பணம் காட்ட வேண்டும் என்பது 2025 நவம்பரில் வந்த விதி. அது மாணவரின் அல்லது பெற்றோரின் கணக்கில் தொடர்ந்து இருபத்தெட்டு நாள் இருந்திருக்க வேண்டும். வங்கிக் கல்விக் கடன் கடிதம் இருந்தால் இந்த இருபத்தெட்டு நாள் கட்டாயம் இல்லை. சித்தப்பாவிடம் கைமாற்றாக வாங்கிப் போட்ட தொகையை இருபதாவது நாள் எடுத்துக் கொடுத்துவிட்டு விசா மறுக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.